லத்தீபா டீச்சரின் அட்டை

கைருன் பீவி கடைக்குள் வந்ததும் உட்காரவில்லை. கையோடு பிடித்து வந்த மகளை மேஜைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “அண்ணே, இவகிட்ட லென்ஸ் இருக்கு. போட மாட்டேங்கிறா. புதுசா அளவெடுத்துப் போடலாம்னாலும் வேணாங்கிறா. நேத்து அடுப்புல கை வெச்சிக்கினா. இன்னா சங்கதின்னு நீங்களே கேளுங்க, நான் கேட்டா வாயத் தொறக்கறதில்ல,” என்றாள்.

1985 ஜனவரி மாதம். மீஞ்சூர் ரயில்வே கேட்டை ஒட்டிய அந்தக் கண்ணாடிக் கடையில் காஜா மைதீன் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ரயில் கிளம்பிக்கொண்டிருந்தாலும் ஓட மாட்டார். அடுத்த வண்டிக்கு நிற்பார். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில், வருகிற ஒவ்வொருவரிடமும் பதினான்கு கேள்வி கேட்டு, பதிலை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளாமல் லென்ஸைக் கையால் தொடமாட்டார்.

வசந்தா அந்தக் கடையில் கண்ணாடியை அரைத்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். வயது நாற்பது. மாதத்துக்கு மூன்று துப்பறியும் நாவல் படிப்பாள். பதினைந்தாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பாக. பாய் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அவளுடைய அரைக்கும் கல் தானாக நின்றுவிடும்.

இந்தக் குடும்பத்தை இருவருக்கும் தெரியும். பழவேற்காட்டுக்காரர்கள். மூத்தவள் லத்தீபாவுக்கு இரண்டு கருவிழியும் கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய். அதற்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது; கண்ணுக்குள் வைக்கும் கெட்டி லென்ஸ் ஒன்றுதான் வழி. அதை அவளுக்குப் பொருத்தியவர் காஜா மைதீன்தான். அந்த லென்ஸை நம்பித்தான் அவள் தினமும் ஏரியைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துப் பால்வாடிக்கு டீச்சராகப் போய் வந்தாள். போன ஜூனில் அந்த ஏரியிலேயே மூழ்கிப் போனாள். இப்போது இளையவள் சுராயாவுக்கும் அதே கண்.

“உக்காரும்மா,” என்று காஜா மைதீன் புது அட்டையை எடுத்தார். “லென்ஸ் எப்பலேருந்து போடற?”

“ஒரு வருஷமா,” என்றாள் சுராயா. இருபது வயதுப் பெண். பார்வை மேஜையை விட்டு எழவில்லை.

“எங்க பண்ணது?”

“மெட்ராஸ்ல. இங்க மீஞ்சூர்ல இருக்கிற பெரியம்மா கூட்டிக்கினு போனாங்க. அவங்க வூட்லதான் ரெண்டு வருஷம் தங்கி டைப்ரைட்டிங் படிச்சேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுவ?”

“காலைலேருந்து ராத்திரி வரைக்கும்.”

“கடைசியா எப்ப போட்ட?”

“முந்தாநாள்.”

பதினான்கும் கேட்டு எழுதிய பிறகு அவர் லென்ஸ் டப்பாவைத் திறந்தார். வசந்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. லென்ஸைச் சுற்றி மருந்து காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. காஜா மைதீன் இரண்டையும் கழுவி, “போட்டுக் காட்டும்மா,” என்றார். அவள் ஒன்றை எடுத்து இடது கண்ணில் வைத்தாள். அடுத்த நொடி கண் இறுக மூடிக்கொண்டது. தண்ணீர் தாரையாகக் கொட்டியது. அவரே அதை மெதுவாக எடுத்து, வளைவு அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்து, ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“பாருங்கண்ணே,” என்றாள் கைருன் பீவி. “மூத்தவ எவ்ளோ அழகா போட்டுக்குவா! போட்டிருக்காளா இல்லையான்னு பெத்தவ எனக்கே தெரியாது. குளிப்பாட்டினவங்க கண்ணத் தொறந்து பாத்தப்பகூட லென்ஸு இல்ல. தண்ணி அடிச்சிக்கினு பூடுச்சின்னாங்க.” அவள் குரல் இறங்கியது. “நோன்பு மாசம் பிறை இருபத்தி மூணு அன்னைக்கு. தானா போய் ஆழத்துல எறங்கிட்டானு ஊரே சொல்லுது. அவளுக்கோசரம் அல்லாகிட்ட துஆ கேக்கக் கைய தூக்கறேன், வார்த்தை வரமாட்டேங்குது. உசுர தானே மாச்சிக்கினவளுக்கு நான் இன்னான்னு கேப்பேன்? ஏழு மாசமா இப்படித்தான்.”

மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. காஜா மைதீன் அவளுக்கு உள் அறையைக் காட்டினார். கதவு சாத்தியதும் நாற்காலியை சுராயாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முந்தாநாள் போட்ட லென்ஸோட டப்பா ஈரமா இருக்கும்மா. இது மாசக்கணக்குல காஞ்சு கெடக்கு. வலது லென்ஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி உண்டு, ஒரு வாரம் போட்டவங்களுக்கே தெரியும். நீ புள்ளி வெச்சதை இடது கண்ணுல வெச்ச. இந்த வளைவு நான் ஒரே ஒருத்திக்குப் பண்ணது. இது உங்க அக்காவோடது. உன்கிட்ட எப்படி வந்தது?”

சுராயா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்கிற அழுகை அது. வசந்தா எழுந்து போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அன்னைக்கு எனக்குப் பொன்னேரில டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ மாமா. முந்தின நாள் சாயங்காலம்தான் ஊருக்குப் போனேன். அப்பவே எனக்குக் கண்ணு சரியா தெரியல, யார்கிட்டயும் சொல்லல. மெட்ராஸ்ல லென்ஸ் பண்ணதெல்லாம் பொய். காலைல அக்காகிட்ட, ஒரே ஒரு நாளைக்கு உன் லென்ஸைத் தாயேன்னு கேட்டேன். சிரிச்சிக்கினே குடுத்துட்டா. அதை அரை மணி நேரம்கூட என்னால போட முடியல. வேலையும் கெடைக்கல. திரும்பி வந்தா…” பிறகு மெல்லச் சொன்னாள்: “அவ சாவணும்னு போவல மாமா. கண்ணு தெரியாம போயிருக்கா. அவ கண்ணை நான் எடுத்துக்கினேன். இதை அம்மாகிட்ட சொன்னா அக்கா மேல இருக்கிற பழி போவும். ஆனா கொன்னவ நான்னு ஆவும். சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. இந்த லென்ஸை அக்காவை எடுத்து வெச்சிருக்கற மாதிரி வெச்சிருக்கேன். இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எப்படிப் போடுவேன்?”

“அக்கா குடுக்கும்போது இன்னா சொன்னா? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம.”

சுராயா யோசித்தாள். “எனக்கு அன்னைக்கு நோன்பு கிடையாது. அக்காவுக்கு உண்டு. ‘உனக்குத்தான் இன்னிக்கு நோன்பு இல்லையே, எடுத்துக்கோ. எனக்கு வேணாம்’னு சொன்னா. மருந்து பாட்டிலையும் குடுத்தா.”

காஜா மைதீன் எழுந்து பழைய அட்டைகள் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தார். படித்தார். முகம் வெளுத்துப்போனதை வசந்தா பார்த்தாள். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை நாங்க பழவேற்காட்டுக்கு வரோம்மா. அதுவரைக்கும் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத,” என்றார்.

அவர்கள் போன பிறகு வசந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “இதுல இன்னும் இன்னா பாய் இருக்கு? தங்கச்சிக்கு லென்ஸைக் குடுத்துட்டுக் கண்ணு தெரியாம போயிட்டா. பாவம், அந்தப் பொண்ணு சொன்னதுதான் நெஜம்.”

“லென்ஸ் இல்லாம ஏரியைத் தாண்டணும்னு தெரிஞ்சும் ஒருத்தி சிரிச்சிக்கினே குடுப்பாளா வசந்தா? ‘எனக்கு வேணாம்’னு சொல்வாளா?” என்றார் அவர். “போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெருநாள் முடிஞ்ச வாரம் லத்தீபா இங்க வந்தா. ஞாபகம் இருக்கா?”

வசந்தாவுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாக வந்து நின்றாள். கெட்டி லென்ஸைப் பல நாள் விட்டுவிட்டு ஒரேயடியாக நாள் முழுக்கப் போட்டால் அப்படித்தான் ஆகும். மறுபடியும் நான்கு மணி நேரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டாலும் பாய் சொல்ல மாட்டார் என்பது மட்டும் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக் கரையில் அவர்களுக்காகத் திருவேங்கடம் படகோடு காத்திருந்தார். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். மீன் பிடிப்பது போக, இரண்டு கரைக்கும் ஆள் ஏற்றி இறக்குகிறவர். லத்தீபாவைக் கடைசியாகப் பார்த்தவரும் அவர்தான். வசந்தா படகில் ஏறியதிலிருந்து அவரை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய நாவல்களில் கடைசியாகப் பார்த்தவன்தான் செய்திருப்பான்.

“டீச்சரம்மாவைப் பத்தியா?” என்று திருவேங்கடம் துடுப்பை நிறுத்தினார். “தங்கமான பொண்ணு பாய். அந்த நோன்பு மாசம் பூரா படகு ஏறச்சொல்லோ என் கையப் புட்சிக்கினுதான் ஏறும். பட்டினி, தள்ளாட்டம்னு நெனச்சிக்கினேன். பசங்களைக்கூட கொரலை வெச்சித்தான் கூப்டும்னு எங்க வூட்டுல சொல்லுவா.”

“அன்னைக்கு ஏன் உங்க படகு இல்ல?”

“அன்னைக்கு என் பாடு பாய்.” ஏரியில் மீன் பிடிக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வரும், அந்த முறைக்குப் பாடு என்று பேர். அன்றைக்கு விட்டால் அடுத்த முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். “காலைல டீச்சரை எறக்கி வுட்டுட்டு, படகை எட்த்துக்கினு வலை போடப் பூட்டேன். தண்ணி வத்துன நேரம், எங்க ஜனங்க நடந்தே தாண்டிடுவாங்க. தோ பாருங்க, வழிக்கு நட்ட கம்புங்க. உச்சில வெள்ளைத் துணி கட்டியிருக்கும். அதைப் புட்சிக்கினு போனா இடுப்புக்கு மேல தண்ணி வராது. டீச்சரும் எத்தினியோ தபா நடந்து போயிருக்கு.”

“வலைக்கு நடற கம்பு?”

“அதுவும் சவுக்குக் கம்புதான். துணி ஒண்ணு கட்ட மாட்டோம். அன்னைக்குக் காலைலதான் தோ, அந்த எடத்துல புச்சா நட்டேன். வழிக்கம்பு இப்படிப் போவும், என் கம்பு அப்படிப் பிரிஞ்சி ஆழத்தாண்ட போவும்.” அவர் கையை நீட்டிக் காட்டினார். “சாயங்காலம் அஞ்சரை மணி இருக்கும். டீச்சர் தண்ணில எறங்குது. வழிக்கம்பை வுட்டு என் கம்பு வரிசைல திரும்பிட்ச்சி. ஒவ்வொரு கம்பா கையால தொட்டுத் தொட்டுப் போவுது. அந்தாண்ட போவாதேன்னு கத்துனேன். காத்து எனக்கு எதிர்ல. ஒரு தபா திரும்பி என்னைப் பாத்துச்சி. கையை ஆட்டுச்சி. போய்ட்டு வரேன்ற மாதிரி. அப்புறம் நாலு கம்பு. அப்புறம் ஆளைக் காணோம். படகைத் திருப்பிக்கினு வர்றதுக்குள்ள…” அவர் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கையை ஆட்டுனதைத்தான் நான் ஊர்ல சொன்னேன். எல்லாரும் அதைப் புட்சிக்கினாங்க.”

“நீங்களும் எங்ககூட வாங்க,” என்றார் காஜா மைதீன். “உங்களுக்கும் இது தெரியணும்.”

கைருன் பீவியின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஒரு பக்கம் தாயும் மகளும், கதவோரம் திருவேங்கடம், ஜன்னலடியில் வசந்தா. நாவல்களில் எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைக்கும் இடம் வந்தால் வசந்தாவுக்குக் குஷி பிறக்கும். இன்றைக்கு அது பிறக்கவில்லை.

“சுராயா, அன்னைக்குக் காலைல நடந்ததை நீயே அம்மாகிட்ட சொல்லிடு,” என்றார் காஜா மைதீன். “நான் இருக்கேன், பயப்படாத.”

அவள் சொன்னாள். தலை நிமிராமல், ஒரே மூச்சில். கைருன் பீவி கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் முடித்ததும் அவளை நோக்கிக் கை ஓங்குவாளா அணைப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு முகம் அவளுக்கு இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

“இப்ப நான் சொல்றதைக் கேளுங்க,” என்றார் அவர். “முதல்ல, லத்தீபா சாகப் போனாளா? சாகப் போறவ கம்பைத் தொட்டுத் தொட்டு வழி தேட மாட்டாம்மா. நேரா இறங்கிடுவா. அவ கம்பைத் தொட்டது, அதுதான் கரைக்குப் போற வழின்னு நம்பி. உச்சில துணி இருக்கா இல்லையான்னு அவ கண்ணுக்குத் தெரியல. வழக்கமா இல்லாத ஒரு வரிசை அன்னைக்குக் காலைலதான் புதுசா முளைச்சிருக்கு. திருவேங்கடம் கத்தினது காதுல சரியா விழல. தெரிஞ்ச குரல், நல்லதுதான் சொல்றாருன்னு கையை ஆட்டிட்டு நடந்தா. ஊர் அதை விடைபெற்றதா எடுத்துக்கிச்சு.”

திருவேங்கடம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அடுத்தது, லென்ஸ். சுராயா வாங்கிக்காம இருந்திருந்தா அவ அன்னைக்கு அதைப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாளா?” சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். “மாட்டா. அந்த மாசம் முழுக்க அவ பகல்ல லென்ஸ் போடவே இல்ல. படகு ஏற இவர் கையைப் பிடிச்சது பட்டினியால இல்ல, படகோட விளிம்பு தெரியாததால. பசங்களைக் குரல் வெச்சுக் கூப்பிட்டதும் அதனாலதான். ‘எனக்கு வேணாம்’னு சிரிச்சிக்கிட்டே குடுத்தாளே, நெஜமாவே அவளுக்கு அது அன்னைக்கு வேணாம். தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ வாங்கலேன்னா அந்த டப்பா அலமாரிலதான் இருந்திருக்கும் சுராயா.”

“ஏன்?” என்றாள் சுராயா.

அவர் அட்டையைப் படித்தார். “1983 ஜூலை 16. இரண்டு கண்ணும் சிவப்பு. நோன்பு மாதம் பகலில் லென்ஸ் போடவில்லை. இரவில் குர்ஆன் ஓத மட்டும் மூன்று மணி நேரம். லென்ஸை நனைக்கும் மருந்து கண் வழியாகத் தொண்டைக்கு இறங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று பயம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறாள். தெரிந்தால் அந்த மாதம் பால்வாடிக்கு அனுப்ப மாட்டார்களாம்.”

கைருன் பீவியின் உதடு எதையோ தேடித் தேடி அசைந்தது.

“அப்ப… எம் புள்ள நோன்போடவா போனா?”

“நோன்போடதான் போனாம்மா. நோன்பு திறக்க வூட்டுக்கு வர்ற வழிலதான் போனா. படகு இல்ல, பொழுது சாயுது, உங்க கூட உக்காந்து நோன்பு திறக்கணும்னுதான் அவசரமா இறங்கியிருக்கா.”

“அன்னைக்கு அவளுக்குப் பிடிக்கும்னு கஞ்சியில தேங்காப்பால் ஊத்தி வெச்சிருந்தேனே,” என்றாள் கைருன் பீவி. ஏழு மாதமாக அடைத்துக் கிடந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. பெற்றவளின் அழுகை. அதில் வெட்கம் இல்லை, ஊருக்குப் பயம் இல்லை. அவள் சுராயாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “நீ ஏண்டி இத்தினி நாளா தனியா சொமந்த? நான் செத்தா பூட்டேன்?” என்று அவள் தலையிலேயே அடித்து, அடித்த இடத்தையே தடவினாள். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஒரு முடிவை எந்தப் பக்கத்திலும் அவள் ஊகித்ததில்லை. ஓர் ஆள் கொன்றான் என்று கைகாட்ட முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

காஜா மைதீன் இன்னும் அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

“நான் சொல்லி முடிக்கலம்மா,” என்றார். “கண்ணுல விடற மருந்தால நோன்பு முறியாதுன்னு சொல்ற, மார்க்கம் படிச்ச ஆலிமுங்க நெறைய பேர் இருக்காங்க. எனக்கு அது அப்பவே தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னு சொன்னேன். கூச்சப்பட்ட பொண்ணு, தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. கேட்டாளான்னு நான் திரும்பக் கேக்கல. அடுத்த நோன்பு வந்தப்ப கண்ணு தெரியாம ஏரியைத் தாண்டுவாளேன்னு நெனைக்கல. பதினாலு கேள்வி கேட்டு, பதிலை அழகா எழுதி, பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டேன். இவ ஒரு பாவமும் பண்ணல. தெரிஞ்சிருந்தவன் நான் ஒருத்தன்தான்.”

திருவேங்கடம், “அப்டிப் பாத்தா கம்பு நட்டவன் நான், பாய்,” என்றார்.

மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. கைருன் பீவி தொழுதுவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் அதே பாயில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். இந்தத் தடவை வார்த்தை வந்தது. மகளின் பெயரைச் சொல்லி, அவள் தகப்பன் பெயரையும் சொல்லி, ஒரு தாய்க்குக் கேட்கத் தெரிந்ததையெல்லாம் கேட்டாள். நடுவில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். சுராயாவின் கை உயர்ந்திருந்தது. காஜா மைதீனின் கை அட்டையோடு மடியில் கிடந்தது.

“தூக்குங்கண்ணே,” என்றாள். “அவ வூட்ல சொல்லாததை உங்ககிட்டதான சொல்லியிருக்கா.”

அவர் அட்டையைக் கீழே வைத்தார். கையைத் தூக்க வெகுநேரம் ஆயிற்று.

மறு வாரம் சுராயா தனியாக மீஞ்சூருக்கு வந்தாள். புது லென்ஸுக்கு அளவெடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். காஜா மைதீன் அட்டையை எடுத்து, எந்த ஊர், எப்போதிலிருந்து பார்வை மங்குகிறது என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். பதினான்கும் முடிந்தது. பேனாவை அவர் மூடவில்லை.

“நோன்பு மாசத்துல போடுவியாம்மா?”

“போடுவேன் மாமா. ஹஜ்ரத்கிட்ட அம்மாவே போய்க் கேட்டுட்டு வந்துட்டாங்க.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். வசந்தா அரைக்கும் கல்லை ஓட விட்டாள்.